ஐம்பது ரூபாய் ஊசி யார் கைக்கு வந்து சேரும்?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டை மூட்டையாக அடுக்கி விலை கூறுவார்கள். காலங்காலமாக நம் மக்கள் புண்ணுக்குப் பூசி வந்த இந்த மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்தை, 1995இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கண்டுபிடிப்பாக எழுதிக் கொடுத்தது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அதே 1997ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத்தில் இன்னொன்று நடந்தது. சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் 'ஷான்வாக்-பி' என்ற ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஒரு டோஸ் 50 ரூபாய்க்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வெளிநாட்டு நிறுவனங்கள் இதே ஊசியைப் பல நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தன. விலையை உடைத்தது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்.

மஞ்சள் வழக்கு நம் நாட்டின் பெருமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மேடைக்கு மேடை 'நம் முன்னோர் அன்றே அறிந்தார்கள்' என்று முழங்குபவர்களுக்கு அது வசதியான கதை. ஈஸ்ட் கதையைப் பேசுவோர் குறைவு. முன்னோர் பெருமைக்கு அதில் இடமில்லை. ஒரு மருந்து எப்படி மலிவாகிறது, மலிவான பிறகும் அது ஏன் சிலரிடம் வந்து சேருவதில்லை என்ற கேள்விதான் அதில் இருக்கிறது. அந்தக் கேள்வி சாதி ஒழிப்பை விரும்பும் நமக்கு உரிய கேள்வி.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். பச்சிளம் குழந்தையைத் தொற்றினால் 10இல் 9 பிள்ளைகளுக்கு நாள்பட்ட நோயாக நின்றுவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள்.

இந்த நோயின் அடையாளத்தை அறிவியல் முதலில் கண்டதே ஒரு பழங்குடி மனிதரின் இரத்தத்தில்தான். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் பரூச் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயரிட்டார்கள். அது இந்த வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னர் தெரியவந்தது. 1976இல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது.

1981இல் வந்த முதல் தடுப்பூசி, நோயுற்றவர்களின் இரத்தத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்யப்பட்டது. அது நன்றாக வேலை செய்தது. ஆனால் இரத்தம் கிடைக்கும் அளவுக்குத்தான் ஊசி செய்ய முடியும். எய்ட்ஸ் அச்சம் பரவிய காலம் என்பதால் இரத்தத்திலிருந்து செய்த மருந்து என்றாலே மக்கள் தயங்கினார்கள்.

இங்குதான் ஈஸ்ட் வந்தது. பேக்கரியில் ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும், பனஞ்சாற்றைக் கள்ளாக்குவதும் இதே இனம்தான். வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செய்யும் மரபணுவை மட்டும் வெட்டி எடுத்து ஈஸ்டுக்குள் வைத்தால், அது தன் வேலையோடு சேர்த்து அந்தப் புரதத்தையும் செய்துகொண்டே இருக்கும். உள்ளே முழு வைரஸ் இல்லை. எனவே நோய் வராது. ஆனால் அந்தப் புரதம் தானாகவே நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டுகொள்ளும். அதைப் பார்த்த உடல், வைரஸே வந்துவிட்டது என்று எதிர்ப்பு ஆற்றலைத் திரட்டிக்கொள்ளும். ஈஸ்டில் இதைச் செய்ய முடியும் என்று 1982இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1986இல் மெர்க் நிறுவனத்தின் ஊசிக்கு அங்கு ஒப்புதல் கிடைத்தது. மரபணுப் பொறியியல் வழியே மனிதருக்காகச் செய்யப்பட்ட முதல் தடுப்பூசி அதுதான்.

ஈஸ்டின் சிறப்பே அதன் எளிமைதான். உருக்குத் தொட்டியில் தீனி போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரட்டிப்பாகும். சாந்தா நிறுவனம் பயன்படுத்திய 'பிக்கியா பாஸ்டோரிஸ்' என்ற வகை மெத்தனாலையே தீனியாக எடுத்துக்கொள்ளும். இப்படிச் செய்த ஊசிக்கு மைனஸ் 70 டிகிரி உறைகுளிர் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள சாதாரணக் குளிர்பெட்டியின் 2 முதல் 8 டிகிரியே போதும். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் போதமலைக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாக ஏற்றிச் சென்ற வரலாறு நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊருக்கு எந்தத் தடுப்பூசி போய்ச் சேரும், எது சேராது என்பதை இந்த டிகிரிக் கணக்கு தீர்மானிக்கிறது.

இவ்வளவு எளிய நுட்பம் என்றால் 1986க்கும் 1997க்கும் இடையில் 11 ஆண்டுகள் ஏன் வீணாயின? சாந்தா நிறுவனத்தைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் தொழில்நுட்பம் கேட்டுப் போனார். அவர்கள் தரமறுத்ததோடு இந்தியர்களை இழிவாகவும் பேசினார்கள் என்று பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். 1993இல் நிறுவனம் தொடங்கி, ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் சி.சி.எம்.பி. என்ற அரசு ஆய்வு மையத்திலும் இடம்பெற்று அங்கேயே வேலை செய்தார்கள். ஓமன் நாட்டிலிருந்து முதலீடு வந்தது.

இதில் மறைக்கப்படும் இரண்டு உண்மைகள் உண்டு. ஒன்று, அந்த ஆய்வு வளர்ந்தது மக்கள் வரிப்பணத்தில் கட்டிய பொதுத்துறை ஆய்வகங்களின் கூரைக்கடியில். இரண்டு, அன்றைய இந்தியச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. வேறு வழியில் செய்து காட்டினால் யாரும் விற்கலாம். 2005இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக அந்தச் சட்டத்தைத் திருத்தி, மருந்துக்கே காப்புரிமை தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். 50 ரூபாய் ஊசியைச் சாத்தியமாக்கிய கதவை நம் நாடாளுமன்றமே சாத்தியது.

சாந்தாவும் தப்பவில்லை. 2009இல் அது பிரான்சின் சனோஃபி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு நல்ல முதலாளி வந்தால் ஏழைகளுக்கு மருந்து கிடைத்துவிடும் என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். முதலாளி மனம் வைத்தால் மலிவாகும் பொருள், அவர் விற்றுவிட்டால் யாருடையது?

மாற்று வழியும் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் சிக்கிய சின்னஞ்சிறு கியூபா, தன் அரசு ஆய்வு மையத்தில் இதே பிக்கியா ஈஸ்டைக் கொண்டு தானே ஹெபடைடிஸ் பி ஊசி செய்துகொண்டது. 2021இல் கொரோனாவுக்கு எதிரான 'அப்தலா' ஊசியையும் அதே ஈஸ்டில்தான் செய்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலேனா போட்டாஸி இருவரும் தங்கள் குழுவோடு ஈஸ்டில் ஒரு கொரோனா ஊசியை உருவாக்கிக் காப்புரிமை வாங்காமலே கொடுத்தார்கள். அதை ஐதராபாத்தின் பயோலாஜிக்கல் இ நிறுவனம் 'கோர்பிவாக்ஸ்' என்ற பெயரில் செய்து ஒன்றிய அரசுக்கு ஒரு டோஸ் 145 ரூபாய்க்கு வரி நீங்கலாகக் கொடுத்தது. 2022 மார்ச் 16 முதல் 12-14 வயதுப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது அதுதான். இதைப் படிக்கும் இளைய தோழர்களில் சிலர் பள்ளியிலேயே அதைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்தோனேசியாவும் அதே நுட்பத்தைப் பெற்றுத் தன் ஊசியைச் செய்துகொண்டது.

அதே காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன. பெருந்தொற்று முடியும் வரை காப்புரிமைகளை நிறுத்தி வையுங்கள் என்றன. பணக்கார நாடுகள் இழுத்தடித்து, 2022 ஜூனில் நீர்த்துப்போன ஒரு முடிவைத்தான் தந்தன. அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது பணக்கார நாடு, ஏழை நாடு என்ற கதை. முற்போக்காளர்கள் பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் நிறுத்தக் கூடாது. ஏழை நாட்டுக்கு உள்ளேயும் ஒரு படிநிலை இருக்கிறது. அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மலிவான ஊசி நாட்டுக்குள் வந்த பிறகு அந்தப் படிக்கட்டில்தான் இறங்கி வர வேண்டும். கடைசிப் படிக்கு வரும்போது பெட்டி காலியாக இருக்கிறது.

தடுப்பூசிக்கும் சாதிக்கும் உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டில் அம்மை ஊசியை ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து அடுத்த குழந்தையின் கையில் போடுவார்கள். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளின் கையிலிருந்து எடுத்ததைத் தங்கள் பிள்ளைகளுக்குப் போட ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். ஆனால் கையைக் கொடுக்கும் குழந்தைகள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளாகவே இருந்தார்கள். உயிர் காக்கும் மருந்திலும் தீட்டு பார்த்த சமூகம் இது.

ஈஸ்ட் அந்தத் தீட்டை ஒழித்துவிட்டது. யார் இரத்தமும் தேவையில்லை. தொட்டிக்குச் சாதி தெரியாது. ஆனால் தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் சாதி காத்திருக்கிறது.

பார்ப்போம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில், உடலுக்கு வெளியே, குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனைக் குப்பையில் கிடக்கும் ஊசி, வீட்டுக் குப்பையில் வந்து விழும் சர்க்கரை நோயாளியின் ஊசி, சவரக் கத்தி, இரத்தம் தோய்ந்த பஞ்சு. இவற்றை வெறுங்கையால் தொட்டுப் பிரிப்பவர் யார்? நமக்கு விடை தெரியும். கழிவுநீர்க் கால்வாய், மலக்குழித் தொழிலாளர்கள் 38,000 பேரைப் பற்றி ஒன்றிய அரசு திரட்டிய விவரம் 2024இல் வெளியானது. அதில் 100க்கு 69 பேர் பட்டியல் சாதியினர். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் துப்புரவு வேலை என்றால் அருந்ததியர் குடியிருப்பைத்தான் கை காட்டுவார்கள். அதை வேலைப் பிரிவினை என்று யாரும் நினைப்பதில்லை, இயற்கை என்றே நினைக்கிறார்கள்.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி 2002இல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுதும் வந்தது. அதற்கு முன் பிறந்து, இன்று துடைப்பம் பிடித்திருக்கும் தலைமுறைக்குக் குழந்தையாக இருந்தபோது அரசு ஊசி கிடைத்திருக்க வாய்ப்பில்லை. வசதி உள்ளவர்கள் தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொண்டார்கள். மருத்துவ மாணவர்கள் போட்டுக்கொண்டார்கள். அதே மருத்துவமனையில் அவர்கள் வீசிய ஊசியைப் பொறுக்கியவர்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகின்றன. ஆனால் வேலை ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டால், ஊசி போட வேண்டியவர் மருத்துவமனையா, ஒப்பந்தக்காரரா என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொள்ளலாம். மூன்று டோஸ் போட 6 மாதம் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளி 6 மாதத்துக்குப் பின் அதே இடத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. தெருவில் குப்பை வாருவோர் நிலை இன்னும் மோசம். அதே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கையுறை, முகக்கவசம், காலணி என்று பட்டியலிட்டன. வீட்டுக் குப்பையிலும் ஊசி வருகிறது என்பது நடைமுறையில் யாருக்கும் உறைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்து தனியார்மயத்தை எதிர்த்தபோது, அதை வெறும் சம்பளப் பிரச்சனை என்று சிலர் எழுதினார்கள். வேலை யாரிடம் என்பதோடு, அந்த உடலுக்கு யார் பொறுப்பு என்பதும் அதில் அடக்கம்.

ஆபத்து தொழிலாளியோடு நிற்பதுமில்லை. 2009இல் குஜராத்தின் மொடாசாவில் பயன்படுத்திய ஊசிகள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டு ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய ஊசி மறுபடி விற்பனைக்கு வரும் வணிகம் அப்போது வெளியே தெரிந்தது.

இன்னொரு தடையையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர் வழக்கம். இதை அறிவியல் மதிக்காமல் விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும் முன்பு சொன்ன பிளம்பெர்க்கும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து, நம்பிக்கையூட்டும் முடிவை 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரு மூலிகையை மதிப்பது என்றால் அதைச் சோதிப்பது. சோதனை முடிவை ஏற்பது. பெரியவர்களுக்கு வரும் தொற்று பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். அந்தப் பெயரை மூலிகை தட்டிக்கொண்டு போகிறது. விலகாமல் தங்கிவிட்டவர், ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கையில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார். மஞ்சளும் கீழாநெல்லியும் போதும் என்று ஏழைக்குப் பாடம் நடத்துகிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அட்டவணைப்படி ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

ஊசியைக் கொண்டு சேர்க்கும் முறையிலும் சாதி நுழையும் என்பதற்குக் கம்மம் சாட்சி. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியான 'கார்டசில்' ஈஸ்டில் செய்யப்படுவதுதான். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் அமெரிக்க அமைப்பான பாத், அதைச் சிறுமிகளுக்குப் போடும் திட்டத்தை நடத்தியது. அவர்களில் பலர் பழங்குடிச் சிறுமிகள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தபின் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லது, அதனாலேயே கேட்காமல் போடலாம் என்பது எசமானர் மனநிலை. ஆதிக்கச் சாதிப் பள்ளியில் காப்பாளர் கையெழுத்தை வைத்து ஊசி போட்டிருப்பார்களா? இன்று எச்.பி.வி. ஊசியை இந்தியாவின் சீரம் நிறுவனமும் ஈஸ்டில் செய்கிறது. 2022இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் போடத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பணம் ஒதுக்கியது. வரவேற்போம். கூடவே, ஒவ்வொரு தாயிடமும் அவர் மொழியில் விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்லி, ஒப்புதல் பெறும்படி வற்புறுத்துவோம். மக்களின் நம்பிக்கையை அப்படித்தான் பெற முடியும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் பல பத்தாண்டுகள் நாட்டுக்கு ஊசி கொடுத்தவை. 2008 ஜனவரியில் தரக் குறைபாட்டைக் காட்டி அவற்றின் உற்பத்தியை நிறுத்தினார்கள். தரத்தை உயர்த்தப் பணம் ஒதுக்கிச் சரிசெய்வதற்குப் பதிலாகக் கடையை மூடினார்கள். உரிமம் திரும்பக் கிடைக்க 2010 ஆனது. செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒன்றிய அரசு நிறுவனமான எச்.எல்.எல். தடுப்பூசி வளாகம் கட்டியது. அங்கே செய்யத் திட்டமிட்டவற்றில் ஹெபடைடிஸ் பி ஊசியும் ஒன்று. கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் அந்த வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்தது. முதல்வர் ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். கியூபாவால் முடிந்தது, மக்கள் பணத்தில் கட்டிய தொழிற்சாலை நிற்கும் செங்கல்பட்டில் முடியாதா?

நம் கோரிக்கைகள் தெளிவானவை. நாமகிரிப்பேட்டை பேரூராட்சி முதல் சென்னை மாநகராட்சி வரை, நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் மூன்று டோஸ் ஊசியும் அரசு செலவில் வேண்டும். ஊசி போடும் நாளில் கூலி பிடிக்கக் கூடாது. அட்டை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது. தொற்று இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது. 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இலவசச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இந்த வைரஸ் தொட்டால் ஒட்டாது, சேர்ந்து உண்டால் ஒட்டாது. ஏற்கெனவே தீண்டாமையைச் சுமப்பவர் மீது இன்னொரு தீண்டாமையை ஏற்ற அனுமதிக்க முடியாது. மலைக் கிராமமானாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி கிடைக்க வேண்டும். பொதுத்துறையில் ஈஸ்ட் தடுப்பூசி உற்பத்தி வேண்டும்.

1997ஆம் ஆண்டின் அந்தத் தொடக்க விலையில் கணக்குப் போட்டால்கூட மூன்று டோஸுக்கு ஆகும் செலவு 150 ரூபாய். ஒரு மனிதரின் கல்லீரலுக்கு அந்த 150 ரூபாயை ஒதுக்க மனம் வராததற்குக் காரணம் பணமின்மை அல்ல என்பது நமக்குத் தெரியும்.

இளைய தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மூன்று கேள்விகள் போதும். உங்களிடம் நிரந்தரமாகவும் ஒப்பந்தத்திலும் எத்தனை தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போடப்பட்டிருக்கிறது? அந்தப் பதிவேட்டின் நகலைத் தர முடியுமா? அரசு மருத்துவமனைக்கும் இதையே அனுப்புங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு தொழிலாளர்களின் சங்கத்திடம் போங்கள்; சங்கம் இல்லையென்றால் அவர்கள் குடியிருப்புக்குப் போங்கள். போராட்டத்தை எங்கே தொடங்குவது என்பதை அந்தப் பதில் காட்டும்.